வேலைநிறுத்தத்திலும் நிறுத்தக் கூடாத வேலை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)

வேலைநிறுத்தம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது பூட்டப்பட்ட ஆலைவாயில். வாயிலுக்கு வெளியே பந்தல், கொடி, முழக்கம். உள்ளே ஓசையற்ற எந்திரங்கள். நூற்பாலை ஒன்றைப் பத்து நாளோ பத்து மாதமோ கழித்துத் திறந்தாலும் கதிர்கள் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். தூசியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, விசையைத் தட்டினால் போதும். தொழிலாளி வெளியே நின்று போராடும்போது அவனுடைய வேலை உள்ளே பத்திரமாக இருக்கிறது எனலாம்.

சுரங்கத்தின் கதை வேறு. சுரங்கம் என்பது ஒரு கட்டடமன்று. பூமியை எதிர்த்து ஒவ்வொரு மணி நேரமும் நடத்தப்படும் போர். அந்தப் போரைச் சில வாரம் நிறுத்திவிட்டால், தகராறு தீர்ந்து தொழிலாளி திரும்பி வரும்போது இறங்குவதற்குச் சுரங்கமே இல்லாமற் போகலாம். ஆகவே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யும்போது ஒரு விந்தையான இக்கட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். வேலையைக் காக்க வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினாலோ வேலை அழிந்துவிடக் கூடும். இந்த இக்கட்டை அவர்கள் எவ்வாறு சமாளித்தார்கள், எங்கே தவறினார்கள் என்பதை 1984-85-இல் பிரிட்டனில் நடந்த மாபெரும் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தை வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பூமிக்கடியில் நடப்பதைப் பார்ப்போம்.

தண்ணீர்தான் முதல் பகைவன். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டுகிறோமோ அவ்வளவும் ஒரு பெருங்கிணறே. பாறை வெடிப்புகள் வழியாக ஊற்று இரவு பகல் பாராமல் இறங்கிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் ஊறுகிற, 600 மீட்டர் ஆழமுள்ள ஒரு சுரங்கத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 16.7 கிலோகிராம் நீரை 600 மீட்டர் உயரம் தூக்க வேண்டும். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 98,000 வாட் வருகிறது. அஃதாவது சுமார் 131 குதிரைத்திறன். நம் ஊர்க் கிணற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் பம்புசெட்டுகள் இருபத்தாறு சேர்ந்தால்தான் இதற்கு ஈடாகும். உராய்வினால் ஏற்படும் இழப்பைக் கூட்டினால் இன்னும் அதிகம். ஒரு நாளில் மேலே வரும் தண்ணீர் 1,440 டன். வெட்டி எடுக்கும் நிலக்கரியைவிட இறைக்கும் தண்ணீரின் எடை கூடுதலாக உள்ள சுரங்கங்கள் உலகில் பல உண்டு. இந்தப் பம்பு ஒரே ஒரு வாரம் நின்றால் பத்தாயிரம் டன் தண்ணீர் அடிமட்டத்தில் தேங்கிவிடும். மின்மோட்டார்கள் முழுகும். தண்டவாளம் துருவேறும். களிமண் தரை ஊறி மேலே உப்பும்.

இரண்டாவது, காற்று. நிலக்கரிப் படிவத்திலிருந்து மீத்தேன் வாயு கசிந்துகொண்டே இருக்கும். காற்றில் அது நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். காற்றைவிட இலேசானது ஆகையால் கூரையோரம் போய்த் தங்கும். பெரிய மின்விசிறிகள் ஓயாமல் சுழன்று புதுக் காற்றைச் செலுத்தி அதை வெளியேற்றுகின்றன. விசிறி நின்ற சுரங்கத்துக்குள் சோதனை செய்யாமல் இறங்குவதும் தூக்குக் கயிற்றில் தலையைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது, கூரை. வெட்டுமுகம் நாள்தோறும் முன்னேறிக்கொண்டிருந்தால் மேற்பாறையின் சுமை பின்னால் உள்ள வெற்றிடத்தில் சரிந்து விழுந்துவிடும். வெட்டுமுகம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டால் அந்தச் சுமை முழுவதும் அங்குள்ள எஃகுத் தாங்கிகளின் தலையில் இறங்கும். தாங்கிகள் நசுங்கும், விலைமதிப்புள்ள வெட்டும் எந்திரம் கல்லுக்குள் புதையும்.

நான்காவது, நெருப்பு. வெட்டி விடப்பட்ட நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து சூடாகிறது. காற்றோட்டம் நன்றாக இருந்தால் அந்தச் சூட்டைக் காற்றே கொண்டுபோய்விடும். வெப்பத்தைக் கொண்டுபோகப் போதாத, ஆனால் ஆக்சிஜன் கொடுக்கப் போதுமான அளவுக்குக் காற்று கசிந்துகொண்டிருந்தால், யாரும் தீ வைக்காமலே தீ பிடிக்கும். வைக்கோற்போர் ஈரத்தோடு அடுக்கப்பட்டுத் தானே புகைவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதே கதைதான்.

இவற்றில் தண்ணீரின் கொடுமையை நம் நாடு நன்கறியும். 1975 டிசம்பர் 27-ஆம் நாள், தன்பாத் அருகில் உள்ள சஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில், மேலே தேங்கியிருந்த பழைய சுரங்க நீர் உடைத்துக்கொண்டு இறங்கி 375 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கைவிடப்பட்ட சுரங்கத்தின் நீர் அதோடு நிற்பதில்லை. பக்கத்துச் சுரங்கத்தின் உயிருக்கும் அதுவே எமன்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் பாட்டனார். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன எத்தனையோ ஆயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு, நான் படிப்பது என்னவென்று கேட்டுக்கொண்டு, அவருக்குத் தெரிந்த இயற்பியலை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கீழே போகப் போகக் கல் சுடும் என்பார். (மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அங்குப் பாறையின் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் என்று பிறகு நூலில் படித்தேன்.) ஒரு நாள் நான், “வேலைநிறுத்தம் வந்தால் எல்லாரும் மேலே வந்துவிடுவீர்களா, தாத்தா?” என்று கேட்டேன். “ஸ்ட்ரைக்குன்னா நாம நிப்போம்டா. பம்பு நிக்காது. பம்பு நின்னா அப்புறம் நாம எங்க போயி நிக்கிறது?” என்றார். சுரங்கத் தொழிலாளர் இயக்கத்தின் பழம்பெரும் வழக்கத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலிலும் நான் படிக்கவில்லை.

அந்த வழக்கம் என்ன? சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடக்கும்போது, பம்பு, விசிறி, கூண்டு இழுக்கும் எந்திரம் ஆகியவற்றைக் கவனிக்கவும், வாயுவைச் சோதிக்கவும், கூரையைப் பார்வையிடவும் வேண்டிய சிலரை மட்டும் சங்கமே உள்ளே போக விடும். அவர்கள் நிலக்கரியில் கை வைக்க மாட்டார்கள். மறியல் நடத்துவோர் வழிவிடுவார்கள். பொதுவாக, வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போகிறவனுக்குக் ‘கருங்காலி’ என்று பெயர். ஆனால் இவர்களுக்கு அந்தப் பெயர் கிடையாது. வெளியே நிற்பவர்களின் நாளைய வேலைக்கு இவர்கள் காவற்காரர்கள் ஆவர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சுரங்கத்தைக் காப்பது தொழிலாளிக்கு நன்மை, முதலாளிக்கும் நன்மை. முதலாளியின் சொத்து கெடாமல் பார்த்துக்கொண்டால் அவருக்கு அவசரம் குறைந்துபோகிறது. எனவே போராட்டம் முற்றும்போதெல்லாம், “காவலாட்களையும் வெளியே கூப்பிடு, அப்போதுதான் வழிக்கு வருவார்கள்” என்ற குரல் சங்கத்துக்குள்ளேயே எழும். சுரங்கத்தை மூடவே கூடாது என்று முதலாளி நினைக்கும் காலத்தில் அந்த மிரட்டல் பலிக்கலாம். சுரங்கத்தை மூடுவதே அவர் விருப்பமாக இருந்தால்? 1984-இல் பிரிட்டனில் நடந்தது இதுதான்.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் 1947 ஜனவரி 1 முதல் அரசுடைமை. தேசிய நிலக்கரி வாரியம் என்ற பொது நிறுவனம் அவற்றை நடத்திற்று. 1974-இல் சுரங்கத் தொழிலாளரின் கூலிப் போராட்டத்தின் நடுவே தேர்தல் வந்து ஓர் அரசே கவிழ்ந்தது. அந்த நினைவு இரு தரப்பிலும் ஆறாதிருந்தது. பின்னர் வந்த மார்கரெட் தாட்சர் அம்மையாரின் அரசு, மின்நிலையங்களில் நிலக்கரியை மலைமலையாகக் குவித்துவைத்து, நீண்ட போராட்டத்துக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டது. 1984 மார்ச் 1-ஆம் நாள் யார்க்ஷயரில் கார்ட்டன்வுட் என்ற சுரங்கம் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. மார்ச் 6-ஆம் நாள், சுமார் 20 சுரங்கங்கள் மூடப்பட்டு 20,000 வேலைகள் போகும் என்பது தெரிந்தது. தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில், “உண்மையான பட்டியல் இதைவிட நீளம், எழுபதுக்கும் மேல்” என்று மேடைதோறும் முழங்கினார். வாரியத் தலைவர் இயன் மக்ரெகர் அதை மறுத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2014 ஜனவரியில், அன்றைய அமைச்சரவைக் கோப்புகள் வெளியாயின. 1983 செப்டம்பரிலேயே, மூன்றாண்டுகளில் 75 சுரங்கங்களை மூடி, 2,02,000 ஆட்களை 1,38,000-ஆகக் குறைக்கும் திட்டம் பேசப்பட்டிருந்தது அவற்றில் இருந்தது. ஸ்கார்கில் மிகைப்படுத்துகிறார் என்று எழுதிய பத்திரிகைகள் அப்போது என்ன எண்ணினவோ!

இப்போராட்டத்தின் சிறப்பு, அது கூலிக்காக நடந்ததன்று என்பதே. ஒரு காசு உயர்வு கேட்காமல், வேலை மட்டும் இருக்க வேண்டும் என்று ஓராண்டுக் காலம் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினி கிடந்தார்கள். வேலைநிறுத்தம் செய்வோரின் குடும்பங்களுக்குச் சங்கம் வாரம் 15 பவுண்டு கொடுப்பதாக வைத்துக்கொண்டு அந்தத் தொகையை அரசு தன் உதவிப் பணத்தில் கழித்துவிட்டது. சங்கமோ அப்படி எதுவும் கொடுக்கவில்லை. பெண்கள் ஊர் ஊராகப் பொது அடுக்களைகள் திறந்தார்கள். நம் நெசவாளர் போராட்டங்களில் கஞ்சித்தொட்டி திறந்தது நினைவுக்கு வரவில்லையா?

ஆனால் சங்கத்தின் தலைமையிடத்தும் பெரும் பிழை இருந்தது. நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமலே வேலைநிறுத்தம் பரப்பப்பட்டது. தங்கள் சுரங்கங்கள் இலாபமானவை, தங்களுக்கு ஆபத்தில்லை என்று நம்பிய நாட்டிங்காம்ஷயர்த் தொழிலாளரில் பெரும்பாலோர் இதைக் காரணம் காட்டி வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையின்றிப் பிரிந்த வீடுகள் பல. வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் சங்கமே வென்றிருக்கும் என்று கருதுவோர் இன்றும் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இனி நம் பம்புக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் போல்கெம்மெட் என்றொரு சுரங்கம். 1984 ஆகஸ்டில் அங்குச் சிலர் போராட்டத்தை விட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அதைக் கண்டித்துச் சங்கம் பாதுகாப்புக் காவலாட்களைத் திரும்பப் பெற்றது. பம்புகள் நின்றன. நிர்வாகமும் அவற்றை ஓட்ட முன்வரவில்லை. “நீங்கள்தான் ஆளை எடுத்தீர்கள்” என்றது வாரியம். “நீங்கள் வேண்டுமென்றே முழுகவிட்டீர்கள்” என்றது சங்கம். இந்தச் சொற்போர் நடந்துகொண்டிருக்கையில் தண்ணீர் யார் பக்கமும் சேராமல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சுரங்கத்திலிருந்து பிறகு நிலக்கரி மேலே வரவே இல்லை. வேலைநிறுத்தம் செய்தவன், வேலைக்குத் திரும்பியவன் இருவருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. ஸ்காட்லாந்திலேயே ஃபைஃப் கடற்கரையில் உள்ள பிரான்சிஸ் சுரங்கத்தில், மேலே நான் சொன்ன நான்காம் பகைவன் வேலையைக் காட்டினான். போராட்டக் காலத்தில் உள்ளே தீப்பிடித்து அதுவும் மூடப்பட்டது.

போல்கெம்மெட்டில் குற்றம் யார் மேல் என்று ஸ்காட்லாந்தில் இன்றும் வழக்காடுகிறார்கள். மூட விரும்பும் நிர்வாகத்தின் கையில் பம்பின் விசையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். எதிரி உடைக்க நினைக்கும் பானையை நாமே கீழே வைத்துவிட்டு வரலாமா?

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி ஒன்றும் அதே ஆண்டில் நடந்தது. சுரங்கத்துள் வாயுவைச் சோதித்து, கூரையைப் பார்வையிட்டு, ‘இறங்கலாம்’ என்று சொல்லும் மேற்பார்வையாளர்களுக்கு அங்குத் தனிச் சங்கம் உண்டு. அவர்கள் கையெழுத்தில்லாமல் எவரும் பூமிக்கடியில் வேலை செய்யச் சட்டம் இடம் கொடாது. அவர்கள் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. மறியல் கடுமையாக உள்ள இடத்தில் உள்ளே போகாமல் திரும்பினாலும் சம்பளம் பெற்றுவந்தார்கள். ஆகஸ்டில் வாரியம், “மறியலைத் தாண்டி உள்ளே வராவிட்டால் சம்பளம் இல்லை” என்று ஆணையிட்டது. சாதுவான அந்தச் சங்கம் சீறி எழுந்தது. வாக்கெடுப்பில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவளித்தார்கள். அவர்கள் வெளியே வந்தால் நாட்டிங்காம்ஷயர் உட்பட எல்லாச் சுரங்கமும் சட்டப்படியே நின்றுபோகும். குவித்த நிலக்கரியெல்லாம் கரைந்துபோகும். ஓராண்டுப் போராட்டத்தில் அரசு உண்மையாகவே அஞ்சிய நாட்கள் அவைதாம்.

1984 அக்டோபர் 25-ஆம் நாள் வேலைநிறுத்தம் என்று குறித்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் உடன்பாடு ஏற்பட்டது. எந்தச் சுரங்கத்தையும் மூடுமுன் தனி மறுபரிசீலனைக் குழு ஒன்று ஆராயும் என்று வாரியம் ஒப்புக்கொண்டது. காகிதத்தில் பார்த்தால் வேலைப் பாதுகாப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் குழுவின் முடிவு வாரியத்தைக் கட்டுப்படுத்தும் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. போராட்டம் முடிந்த பிறகு நார்தம்பர்லாந்திலுள்ள பேட்ஸ் சுரங்கத்தைப் பற்றி அந்தக் குழு விசாரித்தது. திறந்தே வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. வாரியம் நன்றியோடு அதைப் பெற்றுக்கொண்டு 1986-இல் சுரங்கத்தை மூடிவிட்டது. ஒப்பந்தம் எழுதும்போது ‘கலந்தாலோசிக்கும்’ என்ற சொல்லுக்கும் ‘கட்டுப்படும்’ என்ற சொல்லுக்கும் உள்ள வேற்றுமையைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் நமக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

தனி ஆட்களின் வேலை என்ன ஆயிற்று? அந்த ஓராண்டில் 11,000-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். ஏறத்தாழ ஆயிரம் பேரை வாரியம் வேலையிலிருந்து நீக்கிற்று. அவர்களிற் சிலர் தீர்ப்பாயத்தில் வழக்காடி வென்றும் நட்ட ஈடு கிடைத்ததே தவிர வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நீக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் எழுத்தில் ஓர் உறுதி வாங்காமலே 1985 மார்ச் 3-ஆம் நாள் சங்கப் பிரதிநிதிகள் கூடி, 98-க்கு 91 என்ற வாக்கில் வேலைக்குத் திரும்ப முடிவு செய்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பல ஊர்களில் கொடி பிடித்து, வாத்தியம் முழங்க, ஊர்வலமாகச் சுரங்கவாயிலுக்கு நடந்தார்கள். நீக்கப்பட்டவர்கள் வேலி ஓரத்தில் நின்று பார்த்தார்கள். ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 2022-இல் ஒரு சட்டம் இயற்றி, அப்போராட்டத்தில் சில குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. முப்பத்தெட்டு ஆண்டு கழித்து வரும் மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள அவர்களில் எத்தனை பேர் இருந்தார்களோ!

இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் பிரிட்டனுடையதைவிட முற்போக்கானது என்று சொன்னால் பலர் வியக்கக்கூடும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி, ஒரு தகராறு சமரச அதிகாரியின் முன்போ தீர்ப்பாயத்தின் முன்போ நிலுவையில் இருக்கும்போது, அத்தகராறோடு தொடர்புள்ள குற்றச்சாட்டுக்காக எந்தத் தொழிலாளியையும் அந்த அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி வேலைநீக்கம் செய்யக் கூடாது. அவனுக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றவும் கூடாது. வழக்கு நடக்கும்போது குடித்தனக்காரனைத் தெருவில் தள்ளாதே என்பது போன்ற ஏற்பாடு இது. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. இந்தப் பாதுகாப்பு அதிலும் தொடர்கிறது. ஆனால் ஆள்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற விதி, முன்பு 100 பேர் வேலை செய்யும் சுரங்கத்துக்கே பொருந்திற்று; இப்போது 300 பேர் இருந்தால்தான் பொருந்தும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்டது போல் இருக்கிறது.

போராட்டம் முடிந்த பின் மூடல்கள் விரைந்தன. கார்ட்டன்வுட் 1985-லேயே மூடப்பட்டது. தங்களுக்கு ஆபத்தில்லை என்று நம்பி வேலைக்குப் போன நாட்டிங்காம்ஷயர்த் தொழிலாளர் தனிச் சங்கம் கண்டனர். 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடும் பட்டியல் வந்தபோது அவர்கள் ஊர்ச் சுரங்கங்களும் அதில் இருந்தன. 1984-இல் ஏறத்தாழ 170 சுரங்கங்கள் இருந்த நாட்டில், கடைசி ஆழ்சுரங்கமாகிய கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது.

இந்த இருளில் ஒரு விளக்கும் எரிந்தது. தெற்கு வேல்ஸில் ஹிர்வான் என்ற ஊரருகே டவர் என்றொரு சுரங்கம். இலாபமில்லை என்று சொல்லி 1994 ஏப்ரலில் அதை மூடினார்கள். அங்கு வேலை செய்தவர்களில் 239 பேர், தமக்குக் கிடைத்த ஆட்குறைப்பு நட்ட ஈட்டிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டுச் சுரங்கத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். 1995 ஜனவரி 2-ஆம் நாள், முன்னின்று நடத்திய டைரோன் ஓ'சல்லிவனோடு ஊர்வலமாகப் போய்த் திறந்தார்கள். இலாபமே இல்லை என்று அரசு மூடிய சுரங்கம் 2008 ஜனவரி வரை, எடுக்கக்கூடிய நிலக்கரி தீரும்வரை, பதின்மூன்று ஆண்டுகள் தொழிலாளர் கையில் ஓடியது. மூடிக் கிடந்த ஒன்பது மாதத்தில் அது தண்ணீரில் முழுகியிருந்தால் 239 பேரல்ல, 2,390 பேர் பணம் போட்டாலும் பயனில்லை. டவர் சுரங்கத்தின் கதையைச் சொல்பவர்கள் அந்த 8,000 பவுண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கீழே காய்ந்திருந்த தரையைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.

கோலாரில் அவ்வாறு அமையவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். சங்கங்கள் நீதிமன்றம் போயின. தொழிலாளரே கூட்டாகச் சுரங்கத்தை எடுத்து நடத்துவது பற்றியும் பேச்சு எழுந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. தண்ணீர் வழக்கு முடியும்வரை காத்திருக்குமா? பம்புகள் நின்றபின் மூன்று கிலோமீட்டர் ஆழத்து நடைவழிகள் கீழிருந்து ஒவ்வொன்றாக நிறைந்தன. இயற்பியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களுள் ஒன்று கோலார். 1965-இல், சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து அமைத்த கருவிகள் அதைப் பதிவு செய்தன. மேலுள்ள பாறை மற்றத் துகள்களையெல்லாம் வடிகட்டிவிடும் என்பதால் அவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. அந்த ஆழத்தை வெட்டித் தந்தவர்கள் நம்மவர்கள்.

என் பாட்டனாரிடம் இதைச் சொன்னபோது நியூட்ரினோவில் அவர் அக்கறை காட்டவில்லை. “இப்போ எந்த லெவல் வரைக்கும் தண்ணி?” என்று மட்டும் கேட்டார்.

கடைசியாக ஒரு செய்தி. பிரிட்டனில் ஆழ்சுரங்க வேலை முழுவதும் ஒழிந்துவிட்ட இன்றைக்கும் பழைய சுரங்கங்கள் பலவற்றில் பம்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விட்டுவிட்டால் இரும்புத் துரு கலந்த நீர் மேலே வந்து ஆறுகளையும் குடிநீர் ஊற்றுகளையும் கெடுத்துவிடும். எனவே பொதுப்பணத்தில் இறைக்கிறார்கள். வடகிழக்கு இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்ற நகரில், 2023 முதல், சுமார் 150 மீட்டர் ஆழத்துப் பழைய சுரங்கங்களில் தேங்கிய, 15 டிகிரி வெப்பமுள்ள நீரை மேலே எடுத்து, அதன் சூட்டை எந்திரங்களால் பிரித்து, வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் குழாய் வழியே அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் அங்கு நிலக்கரி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பனிக்காலத்தில் அந்தச் சூட்டில் குளிர்காய்கிறார்கள்.